கொச்சி மட்டாஞ்சேரிப் பகுதியை முன்னிட்டு முதியோர் காப்பகங்களும் தர வரையறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதுமை பற்றித் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியங்களில் முதியோர் சித்திரிக்கப்படும் முறையையும் குடும்ப அமைப்பில் அவர்கள் பெறும் இடத்தையும் நோக்குவனவாக அமைகின்றன. முதியோர் தங்கி வாழும் நிறுவனங்கள் எவ்வெவ் விதிகளின்கீழ் நடந்துவந்தன, அங்கு உண்ணும் உணவுக்கும் படுக்கும் இடத்துக்கும் அளவு வகுத்தவர் யாவர், அவ்வளவு குறையுமிடத்துக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களைக் கொச்சி நகரின் மேற்குப் பகுதியாகிய மட்டாஞ்சேரியை முன்னிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டாஞ்சேரியை எடுத்துக்கொண்டமைக்குக் காரணங்கள் உள. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், கொச்சி அரசர் ஆகியோரின் ஆட்சிகள் இச்சிறு நிலப்பரப்பில் அடுத்தடுத்தும் அருகருகேயும் நிலவின. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருக்க, அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி அரசின்கீழ் இருந்தது. எனவே ஒரே ஊரில் வாழ்ந்த ஆதரவற்ற முதியவர் ஒருவர் எந்தத் தெருவில் நின்றார் என்பதைப் பொறுத்து அவர்மீது பாயும் சட்டம் வேறுபட்டது. மேலும், வேலியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடிகள் உட்படத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி இது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய மக்களுள் அறுபது அகவை கடந்தோர் ஏறத்தாழ 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடாகவும் கேரளத்தில் 12.6 விழுக்காடாகவும் இருந்தது. கேரளம் இன்று எதிர்கொள்ளும் சிக்கலைத் தமிழ்நாடு நாளை எதிர்கொள்ளும் என்பதற்கு இவ்வெண்களே சான்று. ஆகவே இவ்வாய்வு அண்டை மாநிலத்தைப் பற்றியது மட்டுமன்று.

சொல்லும் பொருளும்

நிறுவனங்களின் வரலாற்றை அவற்றின் பெயர்களிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. ‘நர்சிங் ஹோம்’ என்னும் தொடர் ஆங்கிலம் பேசும் மேலைநாடுகளில் முதியோர் நெடுங்காலம் தங்கிச் செவிலியர் துணையுடன் வாழும் இல்லத்தைக் குறிக்கிறது. இந்தியாவில் அதே தொடர் தனியார் நடத்தும் சிறு மருத்துவமனையைக் குறிப்பதாயிற்று. கொச்சியிலோ மதுரையிலோ நர்சிங் ஹோம் என்றால் மகப்பேறும் அறுவையும் நடைபெறும் இடம் என்றே மக்கள் கொள்வர். முதியோர் தங்கும் இடத்தைத் தமிழர் முதியோர் இல்லம் என்றும், மலையாளிகள் விருத்தசதனம் என்றும் வழங்குகின்றனர்.

மலையாளத்தில் ஆதரவற்றோர் தங்குமிடத்துக்கு அகதிமந்திரம் என்னும் பெயரும் உண்டு. அகதி என்பது கதியற்றவர் என்னும் பொருளுடையது. தமிழிலும் அதுவே பழம்பொருள். எனினும், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையினராக வந்த தமிழரைக் குறித்து வழங்கியதனால், நாடிழந்து புகலிடம் தேடி வந்தவர் என்னும் பொருளே இன்றைய தமிழில் மேலோங்கியது. மலையாளம் பழம்பொருளைக் காத்துவருகிறது. 2017ஆம் ஆண்டளவில் கேரள அரசு ‘அகதிரகித கேரளம்’ என்னும் திட்டத்தை அறிவித்தபோது, கதியற்றவர் இல்லாத கேரளம் என்பதே அதன் பொருளாக இருந்தது.

இப்பெயர்கள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. செவிலியத்தைக் குறிக்கும் பெயர் மருத்துவமனைக்குச் சென்றது. ஆதரவின்மையைக் குறிக்கும் பெயர் முதியோர் தங்குமிடத்துக்கு வந்தது. சட்டங்களும் இப்பெயர்களின் வழியிலேயே சென்றன என்பது பின்னர் விளக்கப்படும்.

அளவு எழுதும் மரபு

தரம் என்பது தற்காலக் கருத்து, முற்காலத்தில் அறம் மட்டுமே இருந்தது என்னும் எண்ணம் முழுவதும் பொருந்துவதன்று. தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இதற்குச் சான்றாகும். பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகிறது. அங்குப் படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து காய்ச்சியும் உதவுவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வோர் ஒருவர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டனர். அவரவர்க்குரிய நெல்லும் காசும், நோயாளர்க்கு நாள்தோறும் தரும் அரிசியும், மருந்துகளின் பெயரும் அளவும், இரவு முழுதும் எரியும் விளக்குக்குரிய எண்ணெயும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன.

அச்சாலை கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியது, முதியோர்க்கென அமைந்ததன்று. எனினும் அதன் ஆவண முறை நோக்கத்தக்கது. பதினைந்து படுக்கைக்கு இருவர் என்னும் விகிதமும், இரவில் விளக்கு எரிய வேண்டும் என்னும் விதியும் கல்லில் எழுதப்பட்டு, ஊரார் படிக்கும் இடத்தில் நின்றன. இரவில் எழுந்து நடக்கும் நோயாளி இருளில் விழாதிருக்கும் பொருட்டு எண்ணெயின் அளவை எழுதிவைத்தல் இன்றைய மொழியில் கூறின் பாதுகாப்புத் தரமாகும். கொடையாளரின் உள்ளத்தைச் சாராது எழுத்தைச் சார்ந்து நிற்பதே தரத்தின் இலக்கணம் எனக் கொள்ளலாம். இவ்விலக்கணத்தைக் கொண்டே கொச்சியின் நிறுவனங்கள் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

ஐரோப்பியர் காலக் கொச்சி

போர்த்துக்கீசியர் 1503இல் கொச்சியில் கோட்டை எழுப்பினர். லிஸ்பனில் 1498இல் தோன்றிய மிசெரிகோர்தியா என்னும் அருட்பணிக் கழகத்தின் அமைப்பு அவர்கள் ஆண்ட துறைமுகங்களுக்குப் பரவியபோது, பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலும் அது நிறுவப்பட்டது. பசித்தவர்க்கு உணவு, உடையற்றவர்க்கு உடை, நோயுற்றவரைக் காணல், இறந்தவரை அடக்கல் முதலிய அருட்செயல்களைச் செய்வது அக்கழகத்தின் கடமையாகக் கருதப்பட்டது. இங்கு விதி கொடுப்பவர்க்கு உரியது. பெறுபவர்க்கு உரிமை என ஒன்று கூறப்படவில்லை.

1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். அவர்தம் குடியேற்றங்களில் ஏழைகளைப் பேணும் பொறுப்பு திருச்சபையின் உதவிக்குருமார் நிதியைச் சார்ந்திருந்தது. கொச்சியை ஒல்லாந்தர் ஆண்ட முறையை அறிவதற்கு ஆளுநர் கோலனேசே 1743இலும் ஆளுநர் மூன்ஸ் 1781இலும் தமக்குப் பின் வருவோர்க்கென எழுதிய குறிப்புரைகள் முதன்மைச் சான்றுகளாகும். இவை கல்லெட்டி முதலியோரால் மொழிபெயர்க்கப்பட்டுச் சென்னை அரசின் வெளியீடாக 1911இல் வந்தன.

ஒல்லாந்தர் வைப்பின் தீவின் வடமுனையில் உள்ள பள்ளிப்புறத்தில் 1728இல் தொழுநோயாளர் இல்லம் ஒன்றை நிறுவினர். நகரின் நெருக்கத்திலிருந்து நீர்வழியால் பிரிக்கப்பட்ட இடம் அது. நோயாளரைப் பேணுதலும் நகரத்தாரை நோயாளரிடமிருந்து காத்தலும் அங்கு ஒன்றாயின. பாதுகாப்பு என்னும் கருத்து கொச்சியின் காப்பகங்களில் நுழைந்தபோது, உள்ளிருப்பவரின் பாதுகாப்பாக மட்டும் அது நுழையவில்லை. வெளியிலுள்ளோரின் பாதுகாப்பாகவும் நுழைந்தது. இக்கலப்பு இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்களிலும் நீடித்தது.

கொச்சி அரசர் நடத்திய ஊட்டுபுரைகளையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அவை பெரும்பாலும் அந்தணர்க்கும் வழிச்செல்வோர்க்கும் உணவளித்தன. தங்கி முதுமை கழிக்கும் இடங்களாக அவை அமையவில்லை.

ஒரே ஊர், இரு சட்டங்கள்

1795இல் ஆங்கிலேயர் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டைக் கொச்சி 1866இல் சென்னை மாகாணச் சட்டத்தின்படி நகராட்சியாயிற்று. மட்டாஞ்சேரி 1896இல் கொச்சி அரசின் சட்டத்தின்படி நகரசபை பெற்றது. 1956இல் கேரள மாநிலம் அமையும்வரை இவ்விரு எல்லைகளும் நீடித்தன. 1967 நவம்பர் 1ஆம் நாள் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகளும் பள்ளுருத்தி முதலிய ஊராட்சிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்கால உணவுப் பஞ்சம் தெருக்களில் இரப்போர் தொகையைப் பெருக்கியது. 1945ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தல் தடைச் சட்டமும், கொல்லம் ஆண்டு 1120இல் (1944–45) திருவிதாங்கூரில் பிச்சையெடுத்தல் தடைச் சட்டமும், அதே ஆண்டில் கொச்சியில் நாடோடித் திரிவோர் சட்டமும் இயற்றப்பட்டன. கோட்டைக் கொச்சியின் தெருவில் இரந்த முதியவர் சென்னைச் சட்டத்துக்கு உட்பட்டார். மட்டாஞ்சேரிக் கடைவீதிக்கு அவர் நடந்துவந்தால் கொச்சிச் சட்டம் அவரைப் பற்றியது. இருவகைச் சட்டங்களும் முதுமையை முதுமையாகக் கண்டில. உழைக்க இயலாமையை அவை தெருவின் ஒழுங்குக்கு இடையூறாகக் கண்டன. மாநிலங்கள் இணைந்த பின்னும் கேரளத்தில் இம்மூன்று சட்டங்களும் அவ்வப் பகுதிகளில் நிலவின என்பது நினைவுகொள்ளத்தக்கது. மேற்குக் கொச்சியில், பள்ளுருத்தியில் மாநகராட்சி நடத்திவரும் ரிலீஃப் செட்டில்மெண்ட் என்னும் காப்பகம், இரப்போரையும் ஆதரவற்றோரையும் ஒருங்கே ஏற்கும் இம்மரபைச் சார்ந்ததாகும்.

பொதுச் சுகாதாரத் துறையிலும் இந்நிலையே இருந்தது. சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலும் திருவிதாங்கூர்–கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1955இலும் இயற்றப்பட்டன. கேரளம் முழுமைக்கும் ஒரே பொதுச் சுகாதாரச் சட்டம் 2023இல்தான் வந்தது.

தறவாட்டின் மறைவும் காப்பகத்தின் எழுச்சியும்

மருமக்கள்தாய முறையில் தறவாட்டுச் சொத்து பிரிக்கப்படாத பொதுச் சொத்தாக இருந்தது. அதிலிருந்து உணவும் உறைவிடமும் பெறுதல் தறவாட்டைச் சேர்ந்த முதியோர்க்கும் உரிமையாயிற்று. கொச்சி நாயர் சட்டங்கள் 1920இலும் 1938இலும் இம்முறையைத் தளர்த்தின. 1975ஆம் ஆண்டின் கேரளக் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் அதனை முடித்துவைத்தது. அச்சட்டம் தனிமனிதர்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கும் இளையோர்க்கும், சொத்துரிமை தந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் பொதுச் சொத்தோடு பிணைந்திருந்த முதியோர் பராமரிப்பு அதன்பின் பிள்ளைகளின் கடமையாக மாறியது. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு–பராமரிப்புச் சட்டமும், பெற்றோரையும் உள்ளடக்கிய 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அக்கடமையை நீதிமன்றத்தில் கேட்கத்தக்கதாக்கின.

மட்டாஞ்சேரியில் இந்து சமூகம் மட்டும் இல்லை. கொங்கணியர், குசராத்தியர், முசுலிம்கள், கிறித்தவர், தமிழர் எனப் பலர் வாழும் அவ்வூரில் யூதர்களின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1948க்குப் பின் இளையோர் பெரும்பாலும் இசுரேலுக்குக் குடிபெயர, 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயத்தைச் சூழ்ந்த தெருவில் முதியோர் சிலரே எஞ்சினர். அவர்களுள் மூத்தவராகிய பெண்மணி ஒருவர் 2019இல் 96ஆம் அகவையில் மறைந்தார். அவரது இறுதிக் காலத்தில் துணைநின்றது முசுலிம் குடும்பம் ஒன்று. எச்சட்டமும் எத்தர வரையறையும் இன்றியே உயர்ந்த பராமரிப்பு அமையலாம் என்பதற்கு இது சான்றாகும். ஆனால் அத்தகைய அன்பு வாய்க்காதவர்க்கு என் செய்வது என்பதே சட்டத்தின் வினா. தரம் அன்பை உண்டாக்குவதன்று; அன்பு இல்லாத இடத்திலும் முதியவர் பசியோடும் படுக்கைப் புண்ணோடும் கிடவாதிருக்கச் செய்வது.

1960ஆம் ஆண்டுச் சட்டம்: முதியவர் அநாதையான வரலாறு

அநாதை இல்லங்கள் மற்றும் பிற அறநிலைய இல்லங்கள் (மேற்பார்வை, கட்டுப்பாடு) சட்டம் 1960இல் நாடாளுமன்றத்தால் இயற்றப்பட்டது. இல்லம் நடத்துவோர் ஏற்புச் சான்று பெறவேண்டும் என்றும், கட்டுப்பாட்டு வாரியம் இல்லங்களை மேற்பார்வையிடும் என்றும் அது விதித்தது. அச்சட்டம் இல்லம் என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் பெண்களையும் பதினெட்டு அகவை நிரம்பாத பிள்ளைகளையும் ஏற்றுக் காக்கும் நிறுவனம் என்பதாகும். எழுத்தின்படி நோக்கின், முதிய பெண் ‘பெண்’ என்னும் வகையால் அதனுள் அடங்குவார். முதிய ஆண் எவ்வகையாலும் அடங்கார்.

நடைமுறையோ வேறாயிற்று. கேரளத்தில் அநாதை இல்லங்களுக்கான இக்கட்டுப்பாட்டு வாரியத்தின்கீழ் முதியோர் இல்லங்களும் பதிவுசெய்யப்பட்டன. வேறு சட்டம் இல்லாத நிலையில் நல்லெண்ணத்தோடு கைக்கொள்ளப்பட்ட வழி இது. இதனால் முதியோர் இல்லங்கள் ஏதோ ஒரு பதிவேட்டில் இடம்பெற்றன; ஆய்வாளர் சென்று பார்க்க வழி ஏற்பட்டது. எனினும் பிள்ளைகளுக்கென வகுத்த சட்டகம் முதியோர்க்குப் பொருந்துமா என்பது வினா. பிள்ளை வளர்ந்து இல்லத்தைவிட்டு வெளியேறும். கல்வியும் ஒழுக்கமும் அங்கு முதன்மை பெறும். முதியவர் அங்கேயே தளர்ந்து அங்கேயே மறைவார். கீழே விழுதல், மருந்து மாறுதல், மறதி நோய், இறுதிக்கால வலி ஆகியவை அங்கு முதன்மை பெறவேண்டும்.

மற்றுமொன்றும் குறிக்கத்தக்கது. வாரியத்தில் சட்டமன்ற உறுப்பினர்க்கும், இல்லங்களின் நிருவாகக் குழுவினர்க்கும், அரசால் நியமிக்கப்படுவோர்க்கும் இடம் உண்டு. இல்லத்தில் வாழ்பவர்க்கென இடம் ஒதுக்கப்படவில்லை. மிசெரிகோர்தியாவின் காலத்திற்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் விதி கொடுப்பவரைச் சுற்றியே அமைந்தது.

2007ஆம் ஆண்டுச் சட்டமும் அளவின் மீட்சியும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. கேரளமும் தமிழ்நாடும் 2008இல் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்து 2009இல் விதிகள் வகுத்தன. அறுபது அகவை நிரம்பியோர் மூத்த குடிமக்கள் எனப்பட்டனர். இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் எனத் தொடங்கி, ஏழை முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. அமைக்க வேண்டும் என்னாது அமைக்கலாம் என்றமையால் அது கட்டாயக் கடமையாகவில்லை. அப்பிரிவே இல்லங்களின் தரத்தையும் பணிகளையும் வரையறுக்கும் திட்டம் வகுக்க இடமளிக்கிறது.

இச்சட்டத்தின்கீழ் நடுவணரசு அனுப்பிய மாதிரி விதிகளின் அட்டவணையில் திருமுக்கூடல் கல்வெட்டை நினைவூட்டும் வகையில் அளவுகள் இடம்பெற்றன. ஒருவர்க்குப் படுக்கையிடம் குறைந்தது 7.5 சதுர மீட்டர். சமையற்கூடம், உணவுக்கூடம், மருத்துவ அறை முதலியவற்றையும் சேர்த்து 12 சதுர மீட்டர். சாய்தளம், கைப்பிடி, மாற்றுத் திறனாளர்க்கேற்ற கழிப்பறை, தேவையான இடத்தில் மின்தூக்கி, ஆண் பெண் இருபாலார்க்கும் தனித்தனிக் கூடம், சத்துணவு, தூய்மை, காவல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையோடும் காவல் நிலையத்தோடும் முன்னேற்பாடு ஆகியன அதில் கூறப்பட்டன. நூல்களும் நாளிதழ்களும் தொலைக்காட்சியும் இருத்தல் வேண்டும் என்றும் கூறப்பட்டது.

இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதற்கு இரு எல்லைகள் உண்டு. முதலாவது, இவ்வட்டவணை ஏழை முதியோர்க்கென இச்சட்டத்தின்கீழ் அமையும் இல்லங்களை நோக்கியது. கட்டணம் பெறும் தனியார் இல்லங்கள் அதன் நேர்ப்பார்வைக்கு அப்பால் நின்றன. இரண்டாவது, அது கட்டடத்தையும் பொருள்களையும் மிகுதியும் அளந்தது. மருத்துவப் பணியின் தரத்தை அமைப்பு, செயல்முறை, பயன் என மூவகையாக நோக்கவேண்டும் என்று அவெடிஸ் டொனபீடியன் 1966இல் எழுதினார். படுக்கையிடம் அமைப்பு. படுத்த நோயாளியைக் குறித்த நேரத்தில் திருப்பிப் படுக்கவைத்தல் செயல்முறை. புண் வராமை பயன். அட்டவணை முதலாவதைச் சொல்லி மற்ற இரண்டையும் பெரிதும் சொல்லாது விட்டது.

மேலைநாட்டு வரலாறு இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டின் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் எழுதவும், பணியாளர் வசதிக்காக முதியோரைக் கட்டிவைத்தலைத் தவிர்க்கவும், உதவிப் பணியாளர்க்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி தரவும் விதித்தது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டத்தைத் தொடர்ந்து முதியோர் இல்லங்களுக்கு 38 குறைந்தபட்சத் தரங்கள் வெளியிடப்பட்டன. விதி இருந்தும் அந்நாடுகளில் குறைகள் தோன்றியதுண்டு. எனினும் குறை என்று சுட்டுதற்கு அங்கு எழுத்து இருந்தது.

விடுபட்ட ஒரு சொல்

இங்குச் சட்டச் சொற்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். இங்கிலாந்தின் 1927ஆம் ஆண்டு நர்சிங் ஹோம் பதிவுச் சட்டத்தின் வழிவந்ததாகிய 1949ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம், நோய், காயம், தளர்ச்சி ஆகிய மூன்றனுள் ஒன்றால் வருந்துவோரை ஏற்றுச் சிகிச்சையும் செவிலியமும் தரும் இடமே நர்சிங் ஹோம் என விளக்கியது. தளர்ச்சி என்னும் மூன்றாவது சொல் முதுமைக்கு இடமளித்தது. நடைமுறையில் அவ்விடம் பயன்படுத்தப்படவில்லை. நர்சிங் ஹோம் சிறு மருத்துவமனையாகவே வளர்ந்தது.

2010ஆம் ஆண்டின் நடுவண் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்திலும் நர்சிங் ஹோம் என்னும் பெயர் உண்டு. ஆனால் அங்குக் கூறப்படுவன நோய், காயம், உறுப்புக் குறை, இயல்பு மாறுபாடு, மகப்பேறு முதலியன. தளர்ச்சி என்னும் சொல் அவ்வரிசையில் இல்லை. கேரளம் தனக்கென 2018இல் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் இயற்றி 2019 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் அதனால் வந்தன.

இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. நோயில்லாத ஏழை முதியவர்க்கு அறநிலையச் சட்டம் உண்டு. நோயுற்று மருத்துவமனை சென்றவர்க்கு மருத்துவ நிறுவனச் சட்டம் உண்டு. குறிப்பிட்ட நோய் எனச் சொல்ல இயலாது, எழுந்து நடக்கவும் இயலாது, பிறர் ஊட்ட உண்டு படுக்கையில் வாழும் முதியவர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறார். செவிலியம் மிகுதியும் வேண்டுபவர் அவரே. அவரைக் குறிக்கும் சொல் 1949இல் இருந்தது, 2010இல் விடுபட்டது.

பேரிடர்களுக்குப் பின் வரும் விதிகள்

காப்பகங்கள் பற்றிய விதிகள் பெரும்பாலும் உயிரிழப்புகளின் பின்னரே பேசப்படுகின்றன. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகத்து 6ஆம் நாள் காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அவர்கள் முதியோர் என்னும் வகையில் அங்கு இருந்தவரல்லர். ஆயினும் ஏற்பு, ஆய்வு, தீப் பாதுகாப்பு ஆகியன இல்லாத காப்பகம் என்னவாகும் என்பதைத் தமிழகம் அன்று கண்டது. 2023 சனவரி 1ஆம் நாள் தில்லியில் முதியோர் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் முதிய பெண்கள் இருவர் இறந்தனர். 2020 சூலையில் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதியோர் தங்கும் இல்லங்களில் கோவிட் தொற்று பரவியபோது, கூடங்களில் படுக்கைக்கும் படுக்கைக்கும் உள்ள இடைவெளி உயிர்ப்பிரச்சினையாயிற்று.

முன்னாள் நடுவண் சட்ட அமைச்சர் அசுவனி குமார் தொடுத்த வழக்கில் 2018 திசம்பர் 13ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் உள்ள முதியோர் இல்லங்கள் பற்றிய விவரத்தைத் திரட்டுமாறு நடுவணரசைப் பணித்தது. 2019 திசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா தனியார் இல்லங்கள் உட்பட முதியோர் பராமரிப்பு இல்லங்கள் அனைத்துக்கும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் முன்மொழிந்தது. மேலே சுட்டிய இடைவெளியைப் பெருமளவு நிரப்பியிருக்கக்கூடிய அம்மசோதா, 2024இல் அம்மக்களவையின் காலம் முடிந்ததோடு காலாவதியாயிற்று. கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சில் மாநில முதியோர் ஆணையத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. முதியோரின் முறையீட்டைக் கேட்கத் தனி அமைப்பு ஒன்று வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

செயல்முறைத் தரத்தைப் பொறுத்தவரை கேரளத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண–தணிப்புப் பராமரிப்பு இயக்கம் அண்டை வீட்டாரைப் பயிற்றித் தொண்டர்களாக்கியது. 2008இல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டது. வலியின் அளவைக் கேட்டு எழுதுதல், புண்ணைக் கழுவுதல், இல்லத்தாரோடு பேசுதல் ஆகியன அங்குப் பயிற்சியின் கூறுகளாயின. முதியோர் இல்லங்களின் தரம் கட்டடத்தைக் கடந்து செல்லுமிடத்து இப்பட்டறிவு துணைபுரியும்.

மட்டாஞ்சேரிக்குரிய தரம்

நாடு முழுமைக்கும் ஒன்றாக எழுதப்படும் தரம் இடத்துக்கேற்ப விரிக்கப்பட வேண்டும். மாதிரி அட்டவணை வெப்பமூட்டும் ஏற்பாட்டையும் குளிர்கால உடையையும் குறிப்பிடுகிறது. மட்டாஞ்சேரியில் அவற்றுக்குத் தேவை எழாது. அங்குக் காயல் நீர் ஓதத்தின்போது தாழ்ந்த தெருக்களில் ஏறுகிறது. குடிநீர் தொலைவிலிருந்து குழாய்வழி வரவேண்டியுள்ளது. பழங்கட்டடங்களில் படிக்கட்டுகள் குறுகியும் செங்குத்தாகவும் உள்ளன. வெள்ளத்தின்போது நடக்க இயலாதவரை மேல்தளத்துக்கும் தீயின்போது கீழ்த்தளத்துக்கும் கொண்டுசெல்லும் வழி, இரவுப் பணியாளர் எண்ணிக்கை, நீர்ச் சேமிப்பின் அளவு ஆகியன அவ்வூர்க்குரிய விதிகளில் இடம்பெறல் வேண்டும்.

மொழியும் தரத்தின் ஒரு கூறே. மலையாளம், கொங்கணி, குசராத்தி, தமிழ் முதலிய பல மொழிகள் வழங்கும் ஊர் அது. மறதி நோயுற்ற முதியோர் பின்னர்க் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்குத் திரும்புதலை மருத்துவர் எடுத்துரைப்பர். அறுபது ஆண்டு மலையாளம் பேசிய தமிழ் முதியவர் ஒருவர் தம் வலியைத் தமிழில் மட்டுமே சொல்லும் நிலை வரலாம். அதனை விளங்கிக்கொள்வார் அருகில் இல்லையாயின் வலி பதிவேட்டில் ஏறாது. முதியவரின் தாய்மொழியைச் சேர்க்கையின்போதே குறித்துவைத்தல் செலவில்லாத விதி. மேற்காட்டிய சட்டங்களிலோ அட்டவணையிலோ அது இடம்பெறவில்லை. தமிழ்த் துறைகளும் மொழித் துறைகளும் இதில் செய்யத்தக்க பணி உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

1. கொச்சியில் ஆதரவற்ற முதியவர் அருளுக்குரியவராகவும், இரவலராகவும், அநாதையாகவும் சட்டத்தின் கண்ணில் பட்டார். முதியவர் என்னும் பெயராலேயே அவரை நோக்கிய சட்டம் 2007இல் வந்தது.

2. தரம் என்பது அளவை எழுதுதலும் அதனைக் கேட்கும் உரிமையை அளித்தலும் ஆகும். அளவை எழுதும் மரபு தமிழ்நாட்டில் பதினோராம் நூற்றாண்டிலேயே உண்டு. கேட்கும் உரிமை இன்னும் முழுமை பெறவில்லை.

3. அறநிலையச் சட்டத்துக்கும் மருத்துவ நிறுவனச் சட்டத்துக்கும் இடையில், தளர்ச்சியுற்றுச் செவிலியம் வேண்டும் முதியவர்க்குரிய இடம் வெற்றிடமாக உள்ளது. தனியார் இல்லங்கள் பெருகும் இந்நாளில் அவ்வெற்றிடம் விரிந்துவருகிறது.

4. 2007ஆம் ஆண்டு அட்டவணை அமைப்பை அளக்கிறது. செயல்முறையையும் பயனையும் அளக்கும் விதிகளும், வெள்ளம், தீ, மொழி ஆகியவற்றை நோக்கிய இடஞ்சார் விதிகளும் அதனோடு சேர்க்கப்பட வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது உடனடிக் கவனத்துக்குரியது. காலாவதியான மசோதாவின் பதிவுப் பிரிவுகளை மாநில அரசுகள் தம் விதிகளின் வழியே நிறைவேற்ற முயலலாம். அங்ஙனம் எழுதும்போது, நோயும் காயமும் மட்டுமன்றித் தளர்ச்சியும் செவிலியத்துக்குரியதே என்னும் விளக்கத்தை மீண்டும் சேர்த்தல் இன்றியமையாதது. திருமுக்கூடலில் இரவு விளக்குக்குரிய எண்ணெயைக் கல்லில் பொறித்தவர்கள் காட்டிய நெறியும் அதுவேயாகும்.